நிற்கத் தெரிந்த வண்டி

அரபு இலக்கணத்தில் கருவிப் பெயர்களுக்கெனச் சில வாய்பாடுகள் உண்டு. திறப்பதற்குரிய கருவி ‘மிஃப்தாஹ்’, அதாவது, சாவி. அராவுவதற்குரிய கருவி ‘மிப்ரத்’, அதாவது, அரம். இந்த வரிசையில் ‘மிக்பஹ்’ என்றொரு சொல்லும் வரும். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திழுத்து நிறுத்துவதைக் குறிக்கும் ‘கபஹ’ என்னும் வினையிலிருந்து பிறந்தது அது. இன்றைய அரபு மொழியில் மோட்டார் வண்டியின் பிரேக்குக்கு அதுவே பெயர். இச்சொல்லை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆயினும், அதன் பொருளை நான் கற்றுக்கொண்டது என் ஐம்பத்திரண்டாம் வயதில், எங்கள் தெருவில், ஒரு மாலைப் பொழுதில்.

எங்கள் வீட்டில் ஓர் அம்பாசடர் கார் இருக்கிறது. மார்க் 2 வகையைச் சேர்ந்த 1972ஆம் ஆண்டு வண்டி. ஒரு டாக்டர் ஆறு ஆண்டுகள் ஓட்டிய பின் விற்றதை, 1978இல் என் வாப்பா வாங்கினார்கள். அந்நாளில் எங்கள் தெருவில் கார் என்று சொன்னால் அது ஒன்றுதான். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது அது. மாப்பிள்ளைகளை ஊர்வலம் கொண்டு வந்தது அது. ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களை ரயிலடி வரை கொண்டு சேர்த்ததும் அதுவே. 2009இல் வாப்பா மௌத்தான பிறகு வண்டி என் பொறுப்பில் வந்தது. நான் அதை அடிக்கடி எடுப்பதில்லை. ஜும்ஆ நாளிலும் கல்யாண வீடுகளுக்கும் மட்டும் எடுப்பேன். துடைப்பேன், மெருகிடுவேன். வாப்பா விட்டுச் சென்றதை விட்டுச் சென்றபடியே காப்பாற்றி வருகிறேன் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது.

2022ஆம் ஆண்டின் மழைக்காலம். அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு பந்து உருண்டு வந்தது; அதன் பின்னால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓடி வந்தான். என் வகுப்பில் ஓதும் பிள்ளை. பிரேக்கை மிதித்தேன். பஞ்சுப் பொதியை மிதித்தாற்போல் மிதி கீழே போயிற்று, வண்டி நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தேன்; தரை வரை போயிற்று. இருக்கையின் ஓரத்திலிருந்த கைப்பிரேக்கை இழுத்ததும், ஸ்டியரிங்கை மதில் பக்கம் ஒடித்ததும் நினைத்துச் செய்தவை அல்ல. வண்டி மதிலை உரசிக்கொண்டு நின்றது. பந்துக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண். பிள்ளை குனிந்து பந்தை எடுத்தான். என்னைப் பார்த்து, “அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத்” என்று சொல்லிவிட்டு, ஏதும் நடவாததுபோல் ஓடிப் போனான்.

ஸலாமுக்குப் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுநாள் மேஸ்திரி வந்து நான்கு சக்கரங்களையும் கழற்றினார். பின் சக்கரங்களில் ஒன்றின் உட்புறம் முழுதும் ஈரம். “ஹஜ்ரத், இந்தச் சிலிண்டரில் ரப்பர் கப் கிழிந்திருக்கிறது. பிரேக் ஆயில் எல்லாம் இந்த வழியாகவே போய்விட்டது” என்றார். “ஒரு சக்கரத்தில்தானே கிழிந்தது? மற்ற மூன்றும் ஏன் பிடிக்கவில்லை?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நாலு வீட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் நாலு வீட்டிலும் தண்ணீர் இல்லை” என்றார்.

அவர் ஒரு வரியில் சொன்னதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மூடிய கலத்தில் அடைபட்ட திரவத்தின் மேல் செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. நாம் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் நெருக்கப்பட்டு, குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அந்த அழுத்தத்தைக் கொண்டு செல்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள்ளே பிறை வடிவான இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. திரவத்தின் அழுத்தம் அவற்றை விரிக்கிறது. அவை டிரம்மின் உட்சுவரை உராய்கின்றன; வண்டி நிற்கிறது. திரவம் ஓரிடத்தில் வெளியேறிவிட்டால் அழுத்தம் எங்குமே எழாது. கைப்பிரேக் மட்டும் கம்பியால் இயங்குவது, திரவத்தை நம்பாதது. ஆயில் படாதிருந்த மற்றொரு பின் சக்கரத்தை அது பிடித்ததனால்தான் அந்தப் பிள்ளை இன்றும் ஓதிக்கொண்டிருக்கிறான். எல்லாப் புகழும் இறைவனுக்கே.

ரப்பர் ஏன் கிழிந்தது? இக்கேள்விக்கான விடை என்னைத் தலைகுனியச் செய்தது. ‘பிரேக் ஆயில்’ என்று பேர் வழங்கினாலும் அது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். ஈரம் சேரச் சேரச் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்துச் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பு ரப்பரைத் தின்னும். இரண்டாண்டுகளுக்கு ஒரு முறையேனும் அதை முழுதும் மாற்றிவிட வேண்டும். நானோ பதின்மூன்று ஆண்டுகளில் குறைந்த அளவை நிரப்பினேனே தவிர, ஒரு தடவைகூட மாற்றவில்லை. வெளியே மெருகிட்ட கைக்கு உள்ளே பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் என் தமக்கையின் மகன் விடுமுறையில் வந்திருந்தான். சென்னையில் மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணி. நடந்ததைக் கேட்டவன் மதிலில் இருந்த உரசலைத் தடவிப் பார்த்தான். பிறகு, “மாமா, ரப்பரை மாற்றினால் மட்டும் போதாது. பிரேக்கையே மாற்ற வேண்டும்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. “ஐம்பது ஆண்டு ஓடிய பிரேக் அப்பா இது. உன் நன்னா இதைக் கொண்டுதான் மலையேறி இறங்கினார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போனதில் கைவைக்க நான் யார்?” என்றேன்.

அவன் மரியாதை குறையாமல்தான் பேசினான். “நன்னா ஓட்டியபோது ரோட்டில் என்ன ஓடிற்று மாமா? மாட்டு வண்டியும் சைக்கிளும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிதாக விற்கும் ஒவ்வொரு காரிலும் ஏ.பி.எஸ். இருந்தே ஆக வேண்டும். முன்னால் போகிறவன் சட்டென்று நிறுத்திவிடுவான். பின்னால் போகிற நாம் அந்தத் தூரத்துக்குள் நிற்க வேண்டாமா? வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகும். நாற்பதில் போன ரோட்டில் இன்று எண்பதில் போகிறோம்.”

பிறகு வண்டியின் பூர்வீகத்தையும் சொன்னான். அம்பாசடர் நம் நாட்டில் பிறந்த உருவம் அன்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்பு. 1950களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவுக்கு வந்தது. 2014 வரை அங்கே உருவாயிற்று. அந்த முதல் வார்ப்பு பிறப்பதற்கு முன்பே டிஸ்க் பிரேக் என்பது உலகில் வந்துவிட்டது. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. எனினும், சாமானியக் குடும்பங்களின் வண்டிக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. பிற்கால அம்பாசடர்களில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. ஆகவே, அந்த உறுப்புகளை நம் வண்டிக்கும் பொருத்தலாம் என்றான்.

நான் விடவில்லை. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்யும் விதியை மத்திய அரசு 2021இல் கொண்டு வந்ததைப் பத்திரிகையில் படித்திருந்தேன். “மாற்றிவிட்டால் அந்தத் தகுதி போய்விடுமே” என்றேன். அவன் விதியையே எடுத்துக் காட்டினான். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் இவற்றில் செய்யும் மாற்றங்களைத்தான் அது பேரெடுத்துச் சொல்கிறது. என் வாதம் தீர்ந்தது. மனம் மட்டும் தீரவில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்துவிட்டேன்.

அன்றிரவு வாப்பாவின் அலமாரியைத் திறந்தேன். வண்டிக்கென்று அவர்கள் வைத்திருந்த நீல அட்டை நோட்டு ஒன்று அதில் இருப்பது எனக்குத் தெரியும். வாப்பா கணக்கு வழக்குகளை அரபுத் தமிழில் எழுதுவார்கள். அந்தத் தலைமுறைக்கு அதுவே கைவந்த எழுத்து. எங்கள் குடும்பத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவன் இன்று நான் ஒருவன்தான். வாசிக்கத் தெரிந்த நான் பதின்மூன்று ஆண்டுகளில் அதைத் திறக்கவே இல்லை.

பக்கம் பக்கமாகத் தேதிகள். பெட்ரோல் கணக்கு மிகக் குறைவு. பிரேக் ஆயில் மாற்றியது, கப் மாற்றியது, லைனிங் ஒட்டியது, ஷூ நெருக்கியது என்றே வரிக்கு வரி. ஒவ்வொரு ரமலானுக்கும் முன்பாக ஒரு முறை. மலைப் பயணத்துக்கு முன்பாகத் தனியே ஒரு முறை. 1983ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: ‘கொடை. இறக்கம். பெருமாள்மலையில் அரை மணி. மறுபடி அரை மணி.’

அந்தப் பயணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கொடைக்கானலிலிருந்து இறங்கும் வழியில் பெருமாள்மலையில் ஒரு தேநீர்க் கடை முன்னால் வாப்பா வண்டியை நிறுத்தினார்கள். எங்களுக்கெல்லாம் தேநீர் வாங்கித் தந்துவிட்டு, அவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து, தொடாமல், உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்கள். ஓடிக் களைத்த குதிரையைப் பார்ப்பதுபோல் இருந்தது. சற்றுத் தூரம் இறங்கியதும் மறுபடியும் நிறுத்தினார்கள். “வாப்பாவுக்குத் தேநீரில் இத்தனை ஆசையா?” என்று தமக்கை கேலி செய்தாள். வாப்பா தேநீர் அருந்துவதில்லை என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் நினைவில் தட்டவில்லை.

மறுநாள் காலை மருமகனிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “டிரம் சூடானால் விரியும் மாமா. விரிந்தால் ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். மிதிக்க மிதிக்கக் கால் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஆயிலில் ஈரம் இருந்தால் கொதித்து ஆவியாகும். அப்புறம் பிரேக்கே இருக்காது. நன்னாவுக்கு இது தெரிந்திருக்கிறது. டிரம் ஆறட்டும் என்றுதான் நிறுத்தியிருக்கிறார்கள்.”

என் வாதம் அத்தோடு விழுந்தது. வாப்பா அந்தப் பிரேக்கை நம்பவில்லை. அதன் குறை அவர்களுக்குத் தெரியும். அந்தக் குறையைத் தம்முடைய கவனத்தால் ஒவ்வொரு நாளும் நிரப்பி வந்தார்கள். ஏறிய கியரிலேயே இறங்கினார்கள், கணக்கு வைத்தார்கள், கையை நீட்டிச் சூடு பார்த்தார்கள். நான் வாரிசாகப் பெற்றது வண்டியைத்தான்; அந்த அச்சத்தைப் பெறவில்லை. அச்சமில்லாதவன் கையில் அந்தப் பிரேக் இருப்பது ஆபத்து. வாப்பாவின் அமானத் என்று நான் கருதியது இரும்பை. அவர்கள் அமானத்தாகக் கருதியதோ அதில் ஏறியவர்களின் உயிரை. அதன் எதிரே வரும் உயிர்களையும்.

“மாற்றுவோம்” என்றேன்.

வேலை மூன்று வாரம் நடந்தது. முன் சக்கரங்களில் டிரம்மைக் கழற்றிவிட்டு, பிற்கால அம்பாசடரின் டிஸ்க்குகளையும் காலிப்பர்களையும் பூட்டினார் மேஸ்திரி. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. காலிப்பர் இரண்டு விரலால் கிள்ளுவதுபோல் அதை இருபுறமும் பிடிக்கிறது. டிரம்மின் சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். தட்டின் சூடோ காற்றில் கரைந்துவிடும். மழைநீர் பட்டாலும் சுழற்சியில் சிதறிவிடும். ஆனால், டிரம்முக்கு ஒரு வலு உண்டு. சுழலும் டிரம் தன்னை உராயும் ஷூவையும் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. எனவே, கால் பலம் மட்டும் போதாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் பிறக்கும் வெற்றிடத்தைக் கொண்டு மிதிக்குத் துணை செய்யும் பூஸ்டரும் வேண்டும். சேசிஸில் புதிதாகத் துளை ஒன்றும் போடாமல், தனித் தாங்கி செய்து அதைப் பொருத்தினார்கள். மாஸ்டர் சிலிண்டரும் மாறிற்று. இப்போது இருப்பது இரட்டை அறை உடையது. முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கும். பின் சக்கரங்களில் டிரம்மே இருக்கிறது. சிலிண்டர், கப், குழாய் அனைத்தும் புதியவை. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆகவே, அதை ஊதித் துடைக்காமல், ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் சொன்னான் மருமகன். செலவு என் மூன்று மாத ஊதியம்.

எல்லாம் முடிந்தது என்று ஓட்டிப் பார்த்த அன்று ஒரு கருகல் வாடை. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி இழுபட்டுக்கொண்டே போயிற்று. இறங்கி, வாப்பா செய்ததுபோல் முன் சக்கரத்தின் அருகே உள்ளங்கையை நீட்டினேன். அனல் அடித்தது. மேஸ்திரி சந்தையில் வாங்கி வந்த மாஸ்டர் சிலிண்டர் நான்கு டிரம் உள்ள வண்டிக்கு உரியது. டிரம் பிரேக்கில் குழாய்க்குள் எப்போதும் சிறிது அழுத்தம் நின்றால்தான் ரப்பர் ஒழுகாமல் ஒட்டியிருக்கும். அதற்கென ஒரு சிறு வால்வு உள்ளே வைத்திருப்பார்கள். டிரம்முக்குக் காவலான அந்த அழுத்தம் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. முன்பக்க வழியிலிருந்த அந்த வால்வை நீக்கியதும் சக்கரம் தளர்ந்து சுழன்றது.

நஹ்வு படித்த வாசகர்களுக்கு இது புதிதாக இராது. ‘கான’ ஆளும் வாக்கியத்தில் எழுவாய்க்கு ரஃப்உ, பயனிலைக்கு நஸ்பு. ‘இன்ன’ வந்தாலோ இரண்டும் தலைகீழாகும். ஆளும் சொல்லை மாற்றிவிட்டு ஈறுகளைப் பழையபடியே விட்டால் வாக்கியம் பிழை. வண்டியும் அப்படித்தான். ஒன்றை மாற்றினால் அது ஆளும் அனைத்தையும் சரிபார்க்க வேண்டும். முன்பக்கம் மட்டும் வலுத்து, பின்பக்கம் அதற்கேற்ப அமையாவிட்டாலும் கேடுதான். பின் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி தட்டாமாலை சுற்றிவிடும். ஆளில்லாத சாலையில் பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே மருமகன் சரி என்றான். பழைய டிரம்களையும் ஷூக்களையும் துடைத்து, கிரீஸ் தடவி, ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் என்றேனும் மீண்டும் பூட்டிக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு தமக்கையையும் மருமகன் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் சென்று வந்தோம். இறக்கத்தில் நான்தான் ஓட்டினேன். ஏறிய கியரிலேயே இறங்கினேன்; நல்ல பிரேக் வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை. பெருமாள்மலையில் வண்டியை ஓரங்கட்டினேன். “நிறுத்த வேண்டிய அவசியமே இல்லையே மாமா” என்றான் மருமகன். “தேநீருக்காக” என்றேன். தமக்கை என்னைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகன் இறங்கிப் போய், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து, உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வீடு திரும்பியதும் நீல நோட்டை எடுத்தேன். வாப்பாவின் கடைசி வரிக்குக் கீழே பதின்மூன்று ஆண்டு வெறுமை. அதன் கீழே, பிரேக் மாற்றிய தேதி, பூட்டிய உறுப்புகள், அடுத்து ஆயில் மாற்ற வேண்டிய மாதம் ஆகியவற்றை எழுத உட்கார்ந்தேன். பழக்கத்தில் பேனா வலப்புறத்திலிருந்து அரபுத் தமிழில் தொடங்கியது. இரண்டு எழுத்து எழுதியதும் நிறுத்தினேன். எனக்குப் பிறகு இந்த நோட்டைப் பார்க்கப் போகிறவன் அவன். அவனுக்கு வாப்பாவின் எழுத்து தெரியாது. அந்த இரண்டு எழுத்தையும் அடித்துவிட்டு, இடப்புறத்திலிருந்து தமிழில் எழுதினேன்.